பத்துக்கு ஏழு பொருத்தம்

ஏழாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருவனிடம் நான் இதுவரை பத்தொன்பது முறை தோற்றிருக்கிறேன். அவன் என் மகன். வெளி ஆளாக இருந்தால் சகவாசத்தை வெட்டிவிடலாம். இவனுக்குச் சோறும் போட்டு, போனுக்கு ரீசார்ஜும் செய்து, அதே போனில் தோற்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டு, போக்கிமான். சிரிக்காதீர்கள். 2016 டிசம்பரில் ஜியோவோடு கைகோத்துக்கொண்டு போக்கிமான் கோ நம் நாட்டுக்குள் வந்தபோது, போனைத் தூக்கிப் பிடித்தபடி தெருத்தெருவாக அலைந்தவர்களைப் பார்த்து நானும் இப்படித்தான் சிரித்தேன். சிரித்தவன் வீட்டு விலாசம் அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இது அலைகிற ஆட்டம் இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே அடித்துக்கொள்கிற ஆட்டம். ஷோடவுன் என்று ஓர் இணையதளம். காசு கேட்பதில்லை என்பதால் எங்கள் வீட்டில் அனுமதி கிடைத்தது. ஆறு பிராணிகளைச் சேர்த்து அணி கட்ட வேண்டும். அதில் நாலைக் களத்துக்குக் கூட்டிப் போகலாம். இந்தப் பக்கம் இரண்டு நிற்கும், அந்தப் பக்கம் இரண்டு நிற்கும். உலகப் போட்டியே இப்படி ஜோடி ஜோடியாகத்தான் நடக்கிறது. ஒண்டிக்கு ஒண்டி என்றால் ஏதோ ஒரு குருட்டு அடியில் நானும் ஒரு நாள் ஜெயித்திருப்பேன். ஜோடி என்று வந்தாலே எனக்கு ராசி இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு ரோலிங் மில்லில். பழைய இரும்பை உருக்கி, பில்லெட்டாக வார்த்து, அதை மறுபடி ஆயிரத்துச் சொச்சம் டிகிரிக்குக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுக்கிற இடம். இந்தப் பிராணிகளைப் பதினெட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் எஃகும் ஒரு வகை என்று மகன் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 1996-ல் முதல் ஆட்டம் வந்தபோது எஃகு வகை கிடையாதாம், 1999-ல் இரண்டாம் ஆட்டத்தில்தான் சேர்த்தார்களாம். சேர்த்தாலும் சும்மா சேர்க்கவில்லை. பத்து வகை அடிகளை எஃகு பாதியாகக் குறைத்து வாங்கிக்கொள்ளும். விஷம் ஏறவே ஏறாது.

“தண்ணி பட்டா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாதுப்பா. கூடவும் கூடாது, குறையவும் குறையாது.”

இது தப்பு. கம்பி சூடாக வெளியே வந்ததும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால்தான் மேல்தோல் இறுகும். டிஎம்டி கம்பியின் சூட்சுமமே அதுதான். தண்ணீர் பட்டால் எஃகுக்குத் தெம்பு ஏற வேண்டும் என்று ஜப்பான்காரர்களுக்கு நான் என் சோபாவிலிருந்தே ஒரு திருத்தம் சொன்னேன்.

“அதெல்லாம் இருக்கட்டும்பா. நெருப்பு பட்டா எஃகுக்கு ரெண்டு மடங்கு உறைக்கும். பார்த்து எடு.”

“டேய், பதினஞ்சு வருஷமா ஃபர்னஸ் பக்கத்துல நிக்கிறவன்கிட்ட நெருப்பு பத்திப் பேசறியா?”

“நீ ஸ்டோர்ஸ்லதானேப்பா இருக்கே.”

உண்மைதான். பேரிங், போல்ட், கையுறை, கிரீஸ் டப்பா, இவற்றுக்குத்தான் நான் காவல். ஆனால் அதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆறையும் எஃகாகவே எடுத்தேன். சைசர், மெட்டாகிராஸ், மேக்னெசோன், கோர்விநைட்… பெயர்களைப் படித்தால் அம்பத்தூரில் நட்டு போல்ட் பண்ணுகிற கம்பெனிகள் மாதிரி இருந்ததில் எனக்கு ஒரு நம்பிக்கை. மகன் ஓர் ஆமையையும் ஓர் ஒட்டகச்சிவிங்கியையும் இறக்கினான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சின்னவளைக் கூப்பிட்டு, “பாரு, உங்கண்ணன் வண்டலூர் ஜூவத் தொறந்து விட்டிருக்கான்” என்றுகூடச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சீக்கிரம் சிரித்த இடங்களை மட்டும் தொகுத்தால் ஒரு புத்தகம் வரும்.

அந்த ஆமைக்கு டார்கோல் என்று பெயர். முதுகு ஓட்டுக்குள் நிலக்கரியை எரித்துக்கொண்டு புகை விடுகிற ஜாதி. அது கால் வைத்த உடனே களத்தில் வெயில் கொளுத்த ஆரம்பித்துவிடும். வெயிலில் நெருப்புக்கு ஒன்றரை மடங்கு பலம். ஆனால் ஆமை ஆமைதானே, அது நகர்ந்து வருவதற்குள் நாம் நாலு அடி போட்டுவிடலாம் என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? அதற்குத்தான் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி. அது ‘டிரிக் ரூம்’ என்று ஒன்றைப் போட்டது. போட்டால் ஐந்து சுற்றுக்கு உலகம் தலைகீழ். மெதுவாக நடக்கிறவன் முதலில் அடிப்பான், வேகமாக ஓடுகிறவன் கடைசியில் அடிப்பான். ஆமை முதலில் வந்தது. எரிமலை மாதிரி வெடித்தது. ஒரே வெடியில் என் ஆட்கள் இரண்டு பேருக்கும் விழுந்தது. பின்னால் காத்திருந்த இரண்டு பேர் வந்தார்கள், அவர்களும் உருகினார்கள். எங்கள் மில்லில் இவ்வளவு இரும்பை உருக்க ஒரு ஷிஃப்ட் ஆகும்.

ஆமையும் முயலும் கதையை அவனுக்கு நாலு வயதில் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டே சொன்னவன் நான்தான். அவன் ஆமையைக் கவனித்திருக்கிறான். நான் சாதத்தைக் கவனித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருந்திவிட்டேன். ஒரே வகையாக எடுத்தால் எல்லாருக்கும் ஒரே வியாதி வரும் என்று புரிந்தது. அதனால் வேறு வேறு வகையில் பலசாலிகளாகப் பார்த்து நிறுத்தினேன். ஒருவன் கார்சோம்ப்: நிலமும் டிராகனும் கலந்தவன், தரையைத் தட்டினால் பூகம்பம். பக்கத்தில் கிங்கம்பிட்: தலையில் கத்தி முளைத்த எஃகுத் தளபதி. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டணிக் கட்சிப் போஸ்டர் மாதிரி கம்பீரமாக இருந்தது. மகன் பக்கத்தில் ஒரு பறவை. அதற்குப் பக்கத்தில், நம்பினால் நம்புங்கள், ஒரு வாஷிங் மெஷின். ரோட்டம் என்கிற பிசாசு அதற்குள் புகுந்து அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும்.

பூகம்பத்தை அமுக்கினேன்.

இந்த ஆட்டத்தில் பூகம்பம் என்றால் நிஜப் பூகம்பம் மாதிரியேதான். நம்மவன், மற்றவன் என்று பார்க்காது, கிளப்பியவனைத் தவிர எல்லாரையும் ஆட்டும். பறவை ஆகாயத்தில் இருந்தது. வாஷிங் மெஷின் அந்தரத்தில் இருந்தது. அந்த மொத்த மைதானத்தில் தரையில் கால் ஊன்றி நின்றிருந்த அப்பாவி என் தளபதி ஒருவன்தான். எஃகுக்கு நில அடியும் இரண்டு மடங்கு. பாதி உயிருக்கு மேல் அங்கேயே போயிற்று, மீதியை வாஷிங் மெஷின் துவைத்துக் காயப்போட்டது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்: “எங்க அக்கா வீட்டு கிரகப்பிரவேசத்துல பண்ணீங்களே, அதே மாதிரி.”

கதை இதுதான். என் சகலைக்கு எதைச் செய்தாலும் ஒரு பீற்றல். அவரை ஓர் அடி அடிக்கலாம் என்று, கூட்டம் நிறைந்திருந்த ஹாலில் தரையைப் பார்த்து, “டைல்ஸ் கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குல்ல” என்றேன். சகலை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, பந்தலில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். மச்சினிக்குக் கேட்கவே இல்லை. அந்த டைல்ஸை ரெட்ஹில்ஸ் வரைக்கும் போய், நாலு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என் மனைவி. எனக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

பெண் பார்த்தபோது ஜோசியர் எங்களுக்குப் பத்துக்கு ஏழு பொருத்தம் என்றார். பாஸ் மார்க்குக்கு மேலே என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தேறாத மூன்றில் ஒன்று யோனிப் பொருத்தம். இந்த ஆட்டத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அதன் அருமை தெரிந்தது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் நம் ஆட்கள் ஒவ்வொரு மிருகத்தை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். குதிரை, யானை, ஆடு, பாம்பு, நாய், பூனை என்று மொத்தம் பதினாலு மிருகம்; எதற்கு எது பகை என்று ஓர் அட்டவணை. எலிக்குப் பூனை, பசுவுக்குப் புலி, யானைக்குச் சிங்கம். ஜப்பான்காரர்கள் 1996-ல் கண்டுபிடித்ததை நாம் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் சும்மா போட்டு வைத்திருந்திருக்கிறோம். நான் ரோகிணி, பாம்பு. அவள் உத்திராடம், கீரி. அட்டவணையில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஜப்பான்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. தோற்ற எரிச்சலில், இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று தேடினேன். சதோஷி தாஜிரி என்று பெயர். சின்ன வயதில் பூச்சி பிடிக்கிற பைத்தியமாம். அந்தப் பைத்தியத்திலிருந்து வந்ததுதான் போக்கிமான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நானும் சின்ன வயதில் திருவள்ளூரில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவன். கொடுக்காப்புளி இலை போட்டு, முட்டை வைக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தவன். அதே பூச்சி, அதே பைத்தியம். அவருடைய பிராணிகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. என்னுடையதை எங்கள் பாட்டி தீப்பெட்டியோடு அடுப்பில் போட்டுவிட்டாள்.

சரி, முறையாகப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பதினெட்டு வகை, எது அடித்தால் எதற்கு எவ்வளவு உறைக்கும் என்று பதினெட்டுக்குப் பதினெட்டு, முந்நூற்று இருபத்து நாலு கட்டம். மகனின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். அதைப் பார்த்து ஸ்டோர்ஸில் ஒரு பழைய இன்டென்ட் தாளின் பின்பக்கத்தில் இன்னொரு பிரதி. அமாவாசைக்கு வீரராகவரைப் பார்க்கத் திருவள்ளூர் போகிற வழியில் மனப்பாடம் செய்வதாகத் திட்டம். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே வந்து, இறங்கி, ஏறி, மறுபடி மேற்கே போக வேண்டும். ஐஏஎஸ்ஸுக்கே படித்துவிடலாம். நான் பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் ‘நெருப்பு’ வரிசையை முடித்து, ‘தண்ணீர்’ வரிசையில் தூங்கிவிட்டேன். ஹிருத்தாபநாசினிக் குளத்தில் எல்லாரும் தோல் வியாதி தீர வெல்லம் கரைத்தார்கள். நானும் ஒரு கட்டி கரைத்தேன், எதற்கென்று வெளியில் சொல்லவில்லை.

அந்தத் தாள் ஸ்டோர்ஸ் மேசையில் கிடந்ததை எங்கள் ஃபோர்மேன் எடுத்துப் பார்த்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

“எஃகு, நெருப்பு, ரெண்டு மடங்கு…” என்றார். “என்ன சார் இது, ஆடிட்டா?”

“ஆமா” என்றேன்.

“இத்தனை வருஷம் கழிச்சு எஃகு நெருப்புல உருகும்னு எழுதி வாங்கறாங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவருக்குப் பின்னால் கையுறை வாங்க வந்து நின்றிருந்த பீகார் தம்பி மட்டும் போகவில்லை. ஃபர்னஸ் பக்கம் வேலை செய்கிற பையன். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பல் முழுக்கத் தெரியச் சிரித்தான். “போக்கிமான்!” ஹிந்தி டப்பிங்கில் டிவியில் பார்த்து வளர்ந்தவனாம், ராத்திரி ரூமில் இதே ஷோடவுன்தானாம். அன்றிலிருந்து ஒரு ஜோடி கையுறைக்கு ஓர் ஆலோசனை என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

முதல் பாடமே எனக்குப் பிடித்துப்போயிற்று. “சார், ஜோடி ஆட்டத்துல புரொடெக்ட் கட்டாயம் வைங்க.” புரொடெக்ட் போட்டால் அந்தச் சுற்றில் யார் அடித்தாலும் அநேகமாக உறைக்காது. அதற்குள் பக்கத்தில் இருக்கிறவன் தன் வேலையை முடித்துக்கொள்வான். ஆனால் ஒரு சிக்கல். அடுத்த சுற்றிலேயே திரும்பவும் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் பலிக்கும். இதை அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கிச் சொன்னபோது எனக்கே சட்டென்று புரிந்தது: தலைவலி! விருந்தாளி வருகிறார்கள், ரேஷனுக்குப் போகணும், பரண் ஒழிக்கணும், எதற்கும் நான் போடுவது இந்தத் தலைவலிதானே என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். எதிரியின் முன்னால் ஆயுதத்தைப் பிரித்துக் காட்டிய முதல் தளபதி நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் பாடம் மழை. வெயிலை முறிக்க மழை. மழையில் நெருப்பு பாதியாகிவிடும். பெலிப்பர் என்று கூழைக்கடா மாதிரி ஒரு பறவை, வந்து நின்றாலே மழை கொட்டும். கிங்ட்ரா என்று ஒரு கடல்குதிரை, மழை பெய்தால் அதன் வேகம் இரட்டிப்பாகும். ஒன்று மழையைக் கொடுக்கும், இன்னொன்று அந்த மழையில் ஓடும். இதுவல்லவோ பொருத்தம்! இரண்டையும் முன்னால் நிறுத்தினேன். பெலிப்பர் வந்தது, மழை கொட்டியது. அடுத்த நொடியே ஆமை வெயில் அடித்தது. வேகமானவன் முதலில் வானத்தை மாற்றுவான், மந்தமானவன் கடைசியில் மாற்றுவான், கடைசியில் மாற்றியதுதான் நிற்கும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வருகிற மேகம் எங்கள் காலனி மொட்டை மாடிக்கு வந்ததும் காணாமல் போவதை வருஷா வருஷம் பார்க்கிறவன் நான். இருந்தும் ஏமாந்தேன்.

“பெலிப்பரைப் பின்னாடி வைங்க சார், அப்புறமா கூப்பிடுங்க” என்றான் பீகார் தம்பி. (அந்த மாதம் கையுறைக் கணக்கு உதைத்தது.)

வைத்தேன். ஆமையும் ஒட்டகச்சிவிங்கியும் வரட்டும் என்று வேறு இரண்டு பேரை முன்னால் விட்டுக் காத்திருந்தேன். டிரிக் ரூம் போட்டான், போடட்டும். அடுத்த சுற்றில் பெலிப்பரைக் கூப்பிட்டேன். மழை! வெயில் ஓடியே போயிற்று. மகன் முகத்தில் முதல் முறையாக ஒரு சுருக்கம் விழுந்தது. பரீட்சைத் தாளைப் பார்க்கும்போதுகூட விழாத சுருக்கம். கிங்ட்ராவையும் இறக்கினேன். வேகம் இரட்டிப்பு. சின்னவள் கைதட்டினாள். மனைவிகூடக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

நான் கிங்ட்ராவின் அடியை அமுக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஆமை அடித்தது. ஒட்டகச்சிவிங்கி அடித்தது. என் பெலிப்பர்கூட அடித்தது. எல்லாரும் முடித்த பிறகு, நிதானமாக, கல்யாண வீட்டுக்குக் கடைசிப் பந்திக்கு வருகிறவன் மாதிரி, கிங்ட்ரா வந்தது. வேகமாக ஓடுகிறவன் கடைசியில் போகிற அறைக்குள் நின்றுகொண்டு நான் அதன் வேகத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறேன். இரண்டு சுற்று இப்படியே போயிற்று. மூன்றாவது சுற்றில் வரவேண்டிய கிங்ட்ரா இல்லை.

அது பத்தொன்பதாவது தோல்வி. மகனுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். 2014-ல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டி. தென்கொரியாவின் செ ஜுன் பார்க் என்பவர் ஆடுகிறார். அவரிடம் கயராடோஸ் என்று ஒரு பயங்கரக் கடல்பாம்பு, அதற்கு மின்சாரம் என்றால் ஆகவே ஆகாது. பக்கத்தில் யாரை நிறுத்தியிருக்கிறார் தெரியுமா? ஓர் அணிலை. பாச்சிரிசு. நாலு கிலோ தேறாது. பெரிய போட்டியில் யாரும் அதைச் சீந்த மாட்டார்கள். அந்த அணில் செய்கிற வேலை ஒன்றுதான்: ‘என்னைப் பார்’ என்று முன்னால் குதிப்பது. எதிராளி பாம்புக்கு ஓங்கிய அடி அணில்மேல் விழும். அது மின்சார அடியாக இருந்தால் அணில் அதைக் குடித்து இன்னும் தெம்பாகிவிடும். அணில் அடி வாங்க வாங்க, பாம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். உலகக் கோப்பையையே வாங்கிவிட்டார் மனிதர்.

ராமருக்குப் பாலம் கட்டின அணிலுக்காவது முதுகில் மூன்று கோடு கிடைத்தது, இதற்கு என்ன கிடைத்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, “அம்மா, நம்ம வீட்ல அணில் யாரு?” என்றாள் சின்னவள்.

என் மனைவி யோசிக்கவே இல்லை. கரண்டியால் என்னைக் காட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கையோடு கணக்கும் வந்தது. மேல் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி விஷயமாகக் கத்திக்கொண்டு இறங்கி வந்தால் கதவைத் திறப்பது யார்? சீட்டுப் பணம் ஒரு வாரம் தள்ளிப் போனால் “அவரு சம்பளம் இன்னும் வரலக்கா” என்று யார் தலையில் விடிகிறது? மச்சினி வீட்டில் டைல்ஸ் பேச்சு திரும்பவும் கிளம்பினால், “இவருதான்” என்று யார் பக்கம் கை நீளுகிறது? ஒரே வித்தியாசம், மின்சாரத்தைக் குடித்தால் எனக்குத் தெம்பு வருவதில்லை. போன ஆடியில் மிக்ஸி பிளக்கைப் பிடித்து அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். முந்தின நாள் ராத்திரி மகன் என் கட்டில் ஓரமாக வந்து நின்றான். “அம்மா வேண்டாம்பா. நீ வா.” ஆறு பேரில் நாலு, நாலில் இரண்டு என்று ஆளைத் தேர்ந்தெடுக்கிற வித்தையில் அவன் எவ்வளவு தேர்ந்தவன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை கூப்பிட்டால் உச்சி குளிர்ந்துவிடுகிறதே.

கணக்கு டீச்சர் விடைத்தாளை நீட்டினார். நூற்றுக்கு முப்பத்து நாலு. பிறகு கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தார். பதினெட்டுக்குப் பதினெட்டு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

“யாருடா இதைப் போட்டது?” என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

பையன் ஒன்றும் பேசவில்லை. ஓர் எட்டு பின்னால் நகர்ந்து என் முழங்கைக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவ்வளவுதான். நான் யோசித்துச் செய்ததில்லை, கால் தானாக முன்னால் போயிற்று.

“நான்தான் மிஸ்.”

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் அவர் அவனைப் பார்க்கவே இல்லை. கையெழுத்தெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, இந்த அக்கறையைப் பின்னக் கணக்கில் காட்டியிருந்தால் என்று ஆரம்பித்து, அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டு, சரி மிஸ், சரி மிஸ் என்றேன். வெளியே வந்ததும் மகன், “தேங்க்ஸ்ப்பா” என்றான். அப்புறம் சைக்கிளில் ஏறும்போது, “பாதி ஹெல்த் இருக்கில்ல? வீட்ல இன்னொரு ரவுண்டு இருக்கு” என்றான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் முந்திக்கொண்டேன். “ஸ்… அப்பா, தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது.”

“அப்படியா? ஃபேனைப் போட்டுக்கிட்டு உக்காருங்க, காபி கொண்டாறேன்” என்றாள் மனைவி. குரலில் உண்மையான பரிவு. பலித்துவிட்டது! மகனைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவன் சின்னவளோடு மெதுவாக மொட்டை மாடிப் பக்கம் நழுவினான்.

காபி வந்தது. டம்ளர் ஒரு கையில், முப்பத்து நாலு இன்னொரு கையில்.

“என்னங்க இது?”

“தலை…” என்றேன்.

“அடுத்தடுத்து போட்டா மூணுல ஒண்ணுதான் பலிக்கும்” என்றாள், நாற்காலியை எனக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு.